லிஸ்பனில் பூசை: வழி சொல்லுங்கள்

தங்கச்சிமடத்துக்காரன் நான். லீவில் வந்திருக்கிறேன், அடுத்த வாரம் லிஸ்பன் திரும்ப வேண்டும். அங்கே கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசை போர்த்துக்கீசியத்தில்தான். ஒழுங்கு நம்மூர் மாதிரியே என்பதால் எப்போது முழங்கால் போடுவது என்று தெரிகிறது. இயேசு கற்பித்த செபத்தை 'பாய் நோஸ்ஸோ' என்று அவர்கள் தொடங்கினால் நான் வாய்க்குள் 'விண்ணுலகில் இருக்கிற' என்பேன். அவர்கள் முடிக்கும்போது நான் இன்னும் அனுதின உணவிலேயே நிற்பேன். பிரசங்கம்தான் சுத்தமாகப் புரியவில்லை.

"ஓரியூர் அருளானந்தர் அங்கே பிறந்துதானே இங்கே வந்து தமிழ் படித்தார், உனக்கென்ன?" என்கிறார் அம்மா. (ஜான் டி பிரிட்டோ என்ற புனிதர் அவர்; 1647-ல் பிறந்தவர், 1693-ல் இங்கே தலை வெட்டப்பட்டவர். என்னோடு ஒப்பிடலாமா!)

சரி, வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்களே, பூசையின் அன்றைய பைபிள் வாசகங்களைத் தமிழில் எந்தச் செயலியில் படிக்கிறீர்கள்? அப்புறம், பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவானவரிடம் பாவங்களைச் சொல்வதற்கு) எந்த மொழியில் சமாளிக்கிறீர்கள்?