ஈஸ்வரமூலிக் கொடி: வீட்டில் வளர்ப்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருநெல்வேலி:

எங்கள் வீட்டுக் கம்பிவேலியில் ஈஸ்வரமூலி ஏற்றிவிட்டிருக்கிறேன். கருடக்கொடி, பெருமருந்துக்கொடி என்பதும் இதுதான். பூவைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள். வெளிர்பச்சையில் சின்னக் குழல், நுனியில் கருஞ்சிவப்பு மடல், அவ்வளவுதான். ஆனால் உள்ளே நுழைந்த குட்டி ஈயைச் சிறை வைத்து, மகரந்தம் பூசிய பிறகுதான் வெளியே விடும்.

கொடி அடர்ந்ததும் கிரிம்சன் ரோஸ் பட்டாம்பூச்சி வந்துவிட்டது. கறுப்பு இறக்கை, ரத்தச் சிவப்பில் உடம்பு. இறக்கையை நிறுத்தாமல் படபடத்துக்கொண்டே முன்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். பிடித்திருந்தால் வயிற்றை வளைத்து ஆரஞ்சு நிற முட்டையை ஒட்டிவிட்டு நகரும். புழுவைச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சுக் கொம்பு எட்டிப்பார்க்கும், கூடவே ஒரு நாற்றம். கொடியின் நஞ்சு அதன் உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் பெரும்பாலும் ஒதுங்கிப்போகும்.

இலை தீர்ந்தால் தண்டையும் சுரண்டும். கொடி மொட்டையாக நிற்பதைப் பார்த்து "மருந்து அடிக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். தின்னக் கொடுக்கத்தானே வளர்ப்பது! மழை விழுந்ததும் வேரிலிருந்து துளிர்த்துவிடுகிறது.

கோவை:

அண்ணா, வருவதெல்லாம் கிரிம்சன் ரோஸ்தானா என்று உடம்பைப் பாருங்கள். காமன் மார்மன் என்ற பட்டாம்பூச்சியின் பெண்ணும் அதே இறக்கை வேஷத்தில் வரும், ஆனால் உடம்பு கறுப்பு. நஞ்சில்லாத பூச்சி, வேஷம் போட்டே தப்பிக்கிறது. அது உங்கள் கொடியில் முட்டை வைக்காது, கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும்தான் போகும். மலையடிவாரமான எங்கள் பக்கம் சதர்ன் பேர்ட்விங் பட்டாம்பூச்சியும் இந்தக் கொடிக்கு வரும். மஞ்சள் பின்னிறக்கையோடு மெதுவாக மிதந்து வரும்போது முதலில் ஏதோ குருவி என்றுதான் தோன்றும். பக்கத்தில் இட்லிப்பூ வையுங்கள், தேனுக்கு நின்று போகும்.

மதுரை:

பாட்டி காலத்தில் பாம்புக்கடிக்கு இதைத்தான் அரைத்துக் கொடுப்பார்கள். இப்போதும் கொடுக்கலாமா?

திருநெல்வேலி:

வேண்டவே வேண்டாம் அக்கா. இதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரிதான். விதை வேண்டுமென்றால் கேளுங்கள். காய் காய்ந்து தலைகீழ்க் குடை மாதிரி விரியும், அதற்குள் எடுத்துவிட வேண்டும். விட்டால் தட்டை விதையெல்லாம் காற்றில் போய்விடும்.