சல்யூட் போட்டால் கடமை முடிந்ததா?

வேலிப்பூ:
போரில் காலை இழந்து திரும்பியவரைப் பார்த்தால் ஊரே எழுந்து நிற்கிறது. அதே ஆள் ராத்திரியெல்லாம் தூங்காமல் தாழ்ப்பாளைப் பத்து முறை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், ‘குடித்துக் கெட்டான்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். படைவீரர்களின் மனநலத்தைக் கைவிட்டது அரசு மட்டுமில்லை, நாமும்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கறார்கண்ணன்:
வந்துவிட்டேன். விரும்பிச் சேர்ந்த வேலை, சம்பளம் உண்டு. தீயணைப்பு வீரரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் பார்க்காத கோரமா? அந்தக் காலத்தில் போருக்குப் போனவர்கள் திரும்பி வந்து அவரவர் பிழைப்பைப் பார்த்தார்கள். இந்த நோயெல்லாம் இப்போது முளைத்தது.

வேலிப்பூ:
பெயர்தான் புதிது, நண்பரே. பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் இந்த மனநோய்க்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980-ல். அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் படபடப்பையும் மூச்சிரைப்பையும் பற்றி டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே எழுதிவிட்டார். முதல் உலகப் போரில் அதற்கு ‘ஷெல் ஷாக்’, அதாவது குண்டு அதிர்ச்சி, என்று பெயர். பிழைப்பைப் பார்த்தார்களா? கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காக அந்தப் போரில் பிரிட்டன் தன் வீரர்களையே சுட்டுக்கொன்றது. அவர்களில் 306 பேருக்கு மன்னிப்பு வந்தது 2006-ல்.

கறார்கண்ணன்:
சரி, பழைய கதை. இன்றைக்கு ஆலோசகர் இருக்கிறார், உதவி எண் இருக்கிறது. போகாமல் இருப்பது யார் தப்பு?

பழையபூட்ஸ்:
19 வருடம் பணியில் இருந்தவன், நான் சொல்கிறேன். ஆலோசகரிடம் போனால் கோப்பில் ஏறிவிடும், துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்கள், பதவி உயர்வு போய்விடும் என்று பயம். பாதி உண்மை, பாதி வதந்தி. ஆளைத் தடுக்க வதந்தியே போதும். அதைவிட, கூட இருப்பவன் ‘இவனை நம்பிப் போகலாமா’ என்று பார்ப்பானே, அது. இரண்டாம் உலகப் போரில், 1943-ல் இத்தாலியின் சிசிலித் தீவில் அமெரிக்க ஜெனரல் பேட்டன், மனம் உடைந்து மருத்துவமனையில் இருந்த இரண்டு சிப்பாய்களை அறைந்தார். இப்போது யாரும் அறைவதில்லை, பார்வையோடு சரி.

ஆனால் வேலிப்பூ, உங்கள் பரிதாபமும் எனக்கு வேண்டாம். ஓய்வுக்குப் பிறகு வேலை கேட்டுப் போன இடத்தில் முதல் கேள்வியே ‘கோபம் அதிகம் வருமா?’ என்பதுதான். போருக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. எல்லாரையும் உடைந்த பாத்திரமாகக் காட்டினால் வேலை யார் கொடுப்பார்?

வேலிப்பூ:
அது நியாயம்தான் அண்ணே. அதற்காகப் பேசாமலே இருந்தால், உடைந்தவர்கள் எங்கே போவார்கள்?

கடைசிவீட்டுஜன்னல்:
நான் ஒரு படைவீரரின் மனைவி. என் வீட்டுக்காரருக்கு வெடிச்சத்தம் ஒன்றும் செய்யாது. நிசப்தம்தான் ஆகாது. அவரை அரித்தது தனக்கு நேர்ந்தது இல்லை, தன் கையால் செய்தது. கட்டளைப்படி செய்ததுதான், மனசாட்சிக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. இதை ‘அறக்காயம்’ என்கிறார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை தந்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாத்திரை தூக்கத்தை மட்டும்தான் தந்தது. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் சிகிச்சைதான் கொஞ்சம் கொஞ்சமாக ஆளைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கு இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருந்தோம். அந்த எட்டு மாதம் வீட்டில் கத்தி எல்லாம் என் தலையணைக்கு அடியில்.

கறார்கண்ணன்:
அம்மா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் காத்திருப்பைக் குறைப்பது அரசு வேலை. இதில் தனி ஆள் நான் என்ன செய்ய முடியும்?

பழையபூட்ஸ்:
பெரிதாக ஒன்றும் வேண்டாம் சார். ‘எத்தனை பேரைச் சுட்டீர்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டதுண்டா?

கறார்கண்ணன்:
ஒரு முறை, ஒரு விருந்தில். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு எழுந்து போனார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.