ஆற்றங்கரைச் சகதியில் கிடந்த பூட்டு எப்படித் தப்பியது?

பூட்டுக்கடை, காரைக்குடி:
முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழைய சாமான் வியாபாரம் செய்கிறேன். பூட்டு, கீல், ஊஞ்சல் சங்கிலி என்று பிழைப்பே இரும்பில்தான். லிதுவேனியாவில் படிக்கும் அக்கா மகன், கெர்னவே என்ற இடத்து அருங்காட்சியகத்திலிருந்து படம் அனுப்பினான். ஈட்டி முனைகளுக்குப் பக்கத்தில் குழாய் மாதிரி ஒரு பூட்டு. 14-ஆம் நூற்றாண்டாம். சாவியைத் திருப்ப வேண்டியதில்லை, தள்ள வேண்டும். குடைக்கம்பியில் துருத்திக்கொண்டு நிற்கும் வில் தகட்டை (ஸ்பிரிங்) அமுக்கினால் குடை இறங்குமே, அதே வேலைதான். உள்ளே விரிந்து நிற்கும் வில் தகடுகளைச் சாவி அமுக்கும், தண்டு உருவிக்கொண்டு வரும். செய்தவன் கெட்டிக்காரன்!

என் கடையில் நூறு வருஷக் கீல் செதில் செதிலாகக் கொட்டுகிறது. ஈர மண்ணில் கிடந்தது எப்படித் தப்பியது?

வரலாற்று டீச்சர், தேவகோட்டை:
அண்ணே, கெர்னவேயில் நேரிஸ் ஆற்றை ஒட்டி ஐந்து மண்மேட்டுக் கோட்டைகள் உண்டு. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மேட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கில் கைவினைஞர்களும் வியாபாரிகளும் இருந்த ஊர், 1390-இல் டியூட்டானிக் சபை என்ற ஜெர்மானியச் சிலுவைப்போர் வீரர்களின் படை வந்தபோது எரிந்தது. அதை யாரும் திரும்பக் கட்டவில்லை. ஆற்று வண்டல் மூடிவிட்டது. மரப் பாதைகூட அழுகாமல் கிடைத்திருக்கிறது.

சிக்ரி ஓய்வு:
சிக்ரியில், அதாவது காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டீச்சர் சொன்ன வண்டல்தான் விஷயம். துருப்பிடிக்கத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். உங்கள் கீல் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிறது. அங்கே எப்போதும் நீர் தேங்கிய மண், காற்றுக்கு வழியில்லை.

ஆனால் தம்பி, ஆபத்து தோண்டிய பிறகுதான் ஆரம்பம். மண்ணில் இருக்கும் குளோரைடு உப்பு துருவுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். வெளிக்காற்று பட்டதும் பழுப்பு நிறத்தில் துளித்துளியாகக் கசியும், அப்புறம் பாளம் பாளமாகப் பெயரும். அதனால் காரக் கரைசலில், பெரும்பாலும் காஸ்டிக் சோடாவில், ஊறப்போட்டு உப்பை இழுப்பார்கள். கரைசலை மாற்றி மாற்றி மாதக்கணக்கில் நடக்கும் வேலை. பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, காற்றுப் புகாத பெட்டியில் வைப்பார்கள்.

பூட்டுக்கடை, காரைக்குடி:
ஐயா, நாங்கள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து கம்பி பிரஷ் போடுவோம். புதுசாட்டம் ஆகிவிடும்.

சிக்ரி ஓய்வு:
கீலுக்குப் போடுங்கள், யார் கேட்பது. அந்தக் காலத்துப் பூட்டில் போட்டால் போச்சு. இரும்புத் தகடுகளைச் செம்பு உருக்கி ஒட்டியிருப்பார்கள், சிலதில் மேலேயும் செம்புப் பூச்சு இருக்கும். அது துருவோடு சேர்ந்து வந்துவிடும். முதலில் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். சில சமயம் வெறும் துருக்கட்டிக்குள் முழுப் பூட்டின் வில் தகடே தெரியும்.

பூட்டுக்கடை, காரைக்குடி:
என்னிடமும் ஒரு துருக்கட்டி இருக்கிறது, ஆட்டினால் உள்ளே ஏதோ சத்தம். ஸ்கேன் சென்டருக்குக் கொண்டுபோனால் விரட்டிவிடுவார்களே!

சிக்ரி ஓய்வு:
அங்கே வேண்டாம். வெல்டிங்கில் குறை இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் சோதிக்கும் கூடங்கள் உண்டு. திருச்சிப் பக்கம் விசாரியுங்கள். அதுவரைக்கும் ஆட்டாதீர்கள்.