மறு: திசைவி அமைப்புகளை வழங்குநர் பூட்டி வைப்பதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். இணைய நிறுவனம், அதாவது வழங்குநர், வீட்டுக்குத் தரும் திசைவியின் (ரூட்டரின்) அமைப்புகளை நாம் மாற்ற முடியாதபடி பூட்டி வைப்பதற்குச் சொல்தொகுப்பில் என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'திசைவிக் கட்டுப்பாடு' போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் யார் கட்டுப்படுத்துகிறார் என்பது அதில் இல்லையே. ராத்திரி பத்து மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு வைஃபை கிடைக்காதபடி அப்பா நேரம் வைப்பதும் திசைவிக் கட்டுப்பாடுதான். நம் வீட்டில், நம் மின்சாரத்தில் ஓடுகிற பெட்டியின் நிர்வாகிக் கடவுச்சொல் இணைய நிறுவனத்திடம் மட்டும் இருக்கிறது, அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. முதலாவது, "நாங்கள் தரும் பெட்டியைத்தான் மாட்ட வேண்டும்" என்பது. ஜெர்மனியில் இதை ரூட்டர்ஸ்வாங் என்றார்கள், ஸ்வாங் என்றால் கட்டாயம். எதிர்ச்சொல் ரூட்டர்ஃப்ரைஹைட், அதாவது திசைவிச் சுதந்திரம். ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்தச் சொற்களை வைத்துத்தான் பிரசாரமே செய்தது. 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்கே வாடிக்கையாளர் தன் சொந்தத் திசைவியை மாட்டிக்கொள்ளலாம், இணைப்புக்கான பயனர்பெயர், கடவுச்சொல் விவரங்களை நிறுவனம் கேட்காமலே இலவசமாகத் தர வேண்டும், நிறுவனத்தின் பிணையம் சுவரில் இருக்கும் இணைப்பு முனையோடு முடிந்துவிடுகிறது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதற்குக் 'கட்டாயத் திசைவி' சரியாக இருக்கும், யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவதுதான் சிக்கல். என் வீட்டுப் பெட்டியில் அமைப்புகளை மாற்றும் 192.168.1.1 பக்கத்தைத் திறந்தால் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் மாற்றலாம். டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) கட்டம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது, வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வர வழிவிடும் போர்ட்டைத் திறக்கும் பக்கமே இல்லை, வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் "அது கம்பெனி செட்டிங் சார்" என்கிறார்கள். சரி, பின்பக்கத் துளையில் ஊசியைக் குத்தி ரீசெட் செய்தால், பெட்டி எழுந்ததும் முதல் வேலையாக நிறுவனத்தின் சேவையகத்தைத் தானே கூப்பிட்டு, பழைய அமைப்புகளை வாங்கித் திரும்பப் போட்டுக்கொள்கிறது. நிறுவனம் தொலைவிலிருந்தே பெட்டியை நிர்வகிப்பதற்கான டிஆர்-069 நெறிமுறை இப்படித்தான் வேலை செய்யும், 2004லிருந்து இருக்கிறது.

> 'தொலைமேலாண்மை' என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே?

அது கருவியின் பெயர் ஐயா. வாடிக்கையாளருக்கும் முழு அணுக்கம் (ஆக்ஸஸ்) கொடுத்துவிட்டு, பழுது பார்க்கத் தொலைமேலாண்மையை வைத்திருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

அடுத்து 'பாதுகாப்பு அமைவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நிறுவனங்கள் சொல்லும் காரணத்தையே நாம் சொல்லாக்கிக் கொடுத்துவிடக் கூடாது. அந்தக் காரணமும் முழுதாக நிற்காது: 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு விழுந்தது, தாக்குதல் வந்த வழி 7547 போர்ட், அது இந்தத் தொலைமேலாண்மைக்கென ஒதுக்கிய போர்ட்டேதான். ஃபைபரில் ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்வதால் அந்த இழை வீட்டில் வந்து சேரும் ஒளிமுனைப் பெட்டியின் பக்கம் கொஞ்சம் கட்டுப்பாடு தேவை என்பதை ஏற்கிறேன். அதற்காக வீட்டுக்குள் எந்த டிஎன்எஸ் என்பதையும் அவர்களா தீர்மானிப்பது?

என் முன்மொழிவு 'வழங்குநர் பூட்டு'. யாருடைய பூட்டு என்பது சொல்லிலேயே இருக்கிறது. 'லாக் பண்ணின போன்' என்று ஏற்கெனவே பேசுவதால் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம், வினையும் எதிர்ச்சொல்லும் தானாக வரும்: பூட்டிய திசைவி, பூட்டு நீக்கம், பூட்டில்லாத் திசைவி. நடுவில் ப் போட வேண்டியதில்லை, உயர்திணைப் பெயரின் ஈற்று மெய்க்குப் பின் வல்லினம் இயல்பாகவே நிற்கும்.

ஆக, சொல்தொகுப்பில் 'கட்டாயத் திசைவி', 'வழங்குநர் பூட்டு' என்று இரண்டு தனிப் பதிவுகள் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால், சொந்தத் திசைவியை மாட்ட அனுமதித்துவிட்டு அவர்கள் தரும் பெட்டியை மட்டும் பூட்டி வைக்கிற நிறுவனத்தைப் பற்றி எழுத நம்மிடம் சொல் இருக்காது.