பிராக் புள்ளிகளுக்கு நடுவே தெரியும் மங்கலான கோடுகள்: பேரியம் டைட்டனேட்டுடன் என் அனுபவம்

பேரியம் டைட்டனேட் 130 டிகிரி செல்சியஸுக்கு மேல் கனசதுரப் படிகம் என்றும், அதில் டைட்டானியம் அயனி ஆறு ஆக்சிஜன்களுக்கு நடுவே அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியின்) மையத்தில் இருக்கிறது என்றும் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் ஒழுங்காக அடுக்கிய அணுத்தளங்கள் தரும் கூர்மையான பிராக் உச்சிகளும் அதையேதான் சொல்கின்றன. ஆனால் அந்த உச்சிகள் தருவது எண்ணிலடங்காத அலகுக்கூடுகளின் சராசரியை மட்டுமே; கூட்டின் எட்டு மூலைகளை நோக்கிச் சம வாய்ப்போடு விலகி நிற்கும் அயனிகளின் சராசரி இடமும் அதே மையம்தான். இந்த இரண்டு நிலைமைகளையும் பிரித்துக் காட்டுவது பிராக் புள்ளிகளுக்கு நடுவே விழும் மிக மங்கலான சிதறல். பலர் அதைப் பின்னணி என்று கழித்துவிடுகிறார்கள். ஃபெர்ரோஎலக்ட்ரிக் (தானாகவே மின்முனைவு கொண்ட, மின்புலத்தால் அதைத் திருப்பக்கூடிய) பீங்கான்களில் நான் கற்றவற்றில் மதிப்புள்ளவை பெரும்பாலும் அந்தப் பின்னணியிலிருந்து வந்தவை என்பதால் இதை எழுதுகிறேன்.

1968இல் பிரான்சின் ஓர்சே நகரில் கோமே, லாம்பேர், கினியே ஆகிய மூவரும் பேரியம் டைட்டனேட், பொட்டாசியம் நியோபேட் ஆகிய படிகங்களில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்தச் சிதறலை ஆராய்ந்தார்கள். கனசதுர நிலையில் தலைகீழ் அணிக்கோவையில் (பிராக் புள்ளிகள் அமையும் கணித வெளியில்) மூன்று திசைகளுக்கும் செங்குத்தாக மூன்று தொகுதித் தகடுகளாகச் சிதறல் பரவியிருந்தது. குளிரும்போது அடுத்தடுத்து வரும் நிலைகளில், டெட்ரகோனல் நிலையில் இரண்டு தொகுதிகளும், ஆர்த்தோராம்பிக் நிலையில் ஒன்றும் எஞ்சின. ராம்போஹெட்ரல் நிலையில் ஒன்றுமே இல்லை. தலைகீழ் வெளியில் தகடு என்றால் உண்மை வெளியில் சங்கிலி என்று பொருள். அதாவது ஒரு சங்கிலியில் அடுத்தடுத்து உள்ள டைட்டானியங்கள் ஒரே பக்கம் விலகியிருக்கின்றன, ஆனால் பக்கத்துச் சங்கிலி எந்தப் பக்கம் விலகியது என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. படிகம் குளிரும்போது ஒவ்வொரு நிலை மாற்றத்திலும் ஒரு திசைச் சங்கிலிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடுகின்றன, அந்தத் திசைக்குரிய தகடு மறைகிறது. இவ்வளவு எளிய கணக்கில் நான்கு நிலைகளும் அடங்கிவிடுவதை முதலில் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

இதே சிதறலை நான் எக்ஸ் கதிருக்குப் பதிலாக எலக்ட்ரான் நுண்ணோக்கியில், எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு பார்க்கிறேன். எலக்ட்ரானின் வசதி அதன் அலைநீளத்தில் இருக்கிறது. 200 கிலோவோல்ட்டில் அது ஏறத்தாழ 0.025 ஆங்ஸ்ட்ராம், தாமிர எக்ஸ் கதிருக்கோ 1.54 ஆங்ஸ்ட்ராம். ஆகவே எவால்டு கோளம் (தலைகீழ் வெளியில் எந்தப் புள்ளிகள் படத்தில் பதியும் என்று காட்டும் கோளப் பரப்பு) கிட்டத்தட்ட ஒரு சமதளமாகிவிடுகிறது, ஒரே படத்தில் தலைகீழ் வெளியின் ஒரு முழு வெட்டு கிடைக்கிறது. தகடுகள் அந்த வெட்டில் நேர்கோடுகளாகத் தெரிகின்றன. மேலும், பீங்கானிலிருந்து தனிப்படிகம் வளர்க்கத் தேவையில்லை; ஒரு மைக்ரானுக்கும் சிறிய ஒரு துணுக்கே நமக்குப் போதுமான தனிப்படிகம்.

மாதிரி தயாரிப்பில் நான் எளிய வழியையே விரும்புகிறேன். ஆர்கான் அயனிகளால் மெலிதாக்கிய மாதிரியின் மேற்பரப்பில் ஒழுங்கற்ற ஒரு படலம் தங்கிவிடுகிறது. அது உண்டாக்கும் வளையம் நாம் தேடும் கோடுகளை மூடிவிடக்கூடும். அகேட் உரலில் எத்தனால் விட்டு அரைத்து, துளையுள்ள கார்பன் படலம் போட்ட செப்பு கிரிட்டில் ஒரு சொட்டு விட்டு உலர்த்தி, துளையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்கின் மெல்லிய ஓரத்தைத் தேடுவதே நல்லது. கார்பனின் வளையமும் அப்போது வராது.

கருவியை இயக்கிய மூத்த ஆய்வாளர் முதல் நாளே சொன்னது, "ஸோன் அச்சில் சரியாக நிறுத்திவிட்டுக் கோடு தெரியவில்லை என்று சொல்லாதீர்கள், கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள்" என்பது. ஸோன் அச்சு என்பது கற்றைக்கு இணையாக நிறுத்தும் படிகத் திசை; கூட்டின் ஒரு விளிம்புத் திசையான [001] அச்சில் துல்லியமாக நிறுத்தினால் பிராக் புள்ளிகளின் ஒளி எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்த்து, நடுப்புள்ளியை மறைத்து, கேமராவின் பதிவு நேரத்தைக் கூட்டியபோது, புள்ளியிலிருந்து புள்ளிக்கு மயிரிழை போன்ற கோடுகள் மெல்ல எழுந்து வந்தன. அவற்றில் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: மையப்புள்ளி வழியாகச் செல்ல வேண்டிய கோடு அங்கே இல்லை. அயனியின் விலகலும் சிதறல் திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் செறிவு சுழியாகிவிடும். எனவே அந்த ஒரு கோடு இல்லாததே, டைட்டானியம் சங்கிலியின் நீளவாக்கில்தான் விலகியிருக்கிறது என்பதற்குச் சான்று. அச்சில் நேராக நிறுத்தினால் இருமுறை விளிம்பு விளைவு (ஒருமுறை சிதறிய கற்றை மீண்டும் சிதறுவது) காரணமாக அந்தக் கோடும் தோன்றி இந்தச் சான்றைக் கெடுத்துவிடும். சாய்ப்பதற்கு இது இன்னும் வலுவான காரணம்.

அறை வெப்பநிலையில் இன்னொரு சிக்கல் உண்டு. டெட்ரகோனல் நிலையில் ஒரே துணுக்குக்குள் 90 டிகிரி டொமைன்கள் (மின்முனைவாக்கத் திசை ஒன்றுக்கொன்று செங்குத்தான பகுதிகள்) இருக்கும். படமெடுக்கும் பரப்பை வரையறுக்கும் தேர்வுத் துளை பெரிதாக இருந்து இரண்டு மூன்று டொமைன்கள் உள்ளே வந்துவிட்டால், மூன்று தொகுதிக் கோடுகளும் சேர்ந்து தெரிந்து, படிகம் கனசதுரம் போலத் தோன்றும். ஒரு டொமைனுக்குள் அடங்கும் அளவுக்குத் துளையைக் குறைத்த பிறகு, மின்முனைவாக்கத் திசை படத்தின் தளத்திலேயே அமைந்த இடத்தில், அந்தத் திசைக்கு இணையான கோடுகள் எஞ்சின, செங்குத்தானவை போயின. ஓர்சேயில் எக்ஸ் கதிரில் கண்டதைச் சில நூறு நானோமீட்டர் பரப்பில் கண்ணால் பார்ப்பது வேறொரு நிறைவு.

திரவ நைட்ரஜன் ஹோல்டரில் குளிர்வித்தபோது, தூய பேரியம் டைட்டனேட்டில் மைனஸ் 90 டிகிரியை ஒட்டிய மாற்றத்துக்குக் கீழே எல்லாக் கோடுகளும் அடங்கின. வெள்ளீயம் கலந்த ரிலாக்ஸர் (கூர்மையான நிலை மாற்றம் இல்லாத ஃபெர்ரோஎலக்ட்ரிக்) மாதிரியிலோ, அதே குளிரிலும் கோடுகள் அப்படியே இருந்தன. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகக் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்து 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள்: டைட்டானியத்தைவிடப் பெரிய வெள்ளீய அயனி தன்னைச் சுற்றி உண்டாக்கும் திரிபு, சங்கிலிகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைத் தடுக்கிறது என்பது அவர்கள் விளக்கம். ரிலாக்ஸர்களுக்குள் இருக்கும் மின்முனைவு கொண்ட நானோ அளவுப் பகுதிகளைக் கோளங்களாக வரைந்து காட்டும் வழக்கம், குறைந்தது இந்தக் குடும்பத்துக்கு, பொருந்தாது என்றே நான் கருதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் எலக்ட்ரான் படம் சொல்லாது. சங்கிலிகள் நிலையாக விலகி நிற்கின்றனவா, அல்லது மெதுவாக அதிர்கின்றனவா என்பதை அது பிரிக்காது. எலக்ட்ரான் படிகத்தைக் கடக்கும் நேரத்தில் அணுக்கள் அசைவதே இல்லை, அதனால் இரண்டும் ஒரே கோட்டைத்தான் தரும். மென்மையான ஃபோனான்களே (அணுக்களின் மெதுவான கூட்டு அதிர்வுகளே) இந்தத் தகடுகளுக்குக் காரணம் என்ற விளக்கமும் 1969 முதலே உண்டு. இதைத் தீர்க்க ஆற்றலைப் பிரித்தறியும் நியூட்ரான் சிதறல் போன்ற முறைகள் வேண்டும். கோடு தெரிந்ததும் "நிலையான ஒழுங்கின்மை" என்று கட்டுரையில் எழுதிவிடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இப்போது சோடியம் பிஸ்மத் டைட்டனேட்டில் வேலை செய்கிறேன். அங்கே பிரச்சினை, டைட்டானியத்தைச் சுற்றிய ஆறு ஆக்சிஜன்களால் ஆன எண்முகிகளின் சாய்வு. சராசரி அமைப்பான ராம்போஹெட்ரலில் இருக்கக்கூடாத சில பாதிக் குறியீட்டுப் புள்ளிகள் (முதன்மைப் புள்ளிகளுக்கு இடையே பாதித் தொலைவில் விழுபவை), சாதாரணப் பொடி எக்ஸ் கதிர்த் தரவில் கண்ணுக்கே படாதவை, எலக்ட்ரான் படத்தில் தெளிவாக வருகின்றன. சில நானோமீட்டர் தடிப்புள்ள டெட்ரகோனல் படிகத் தகடுகள் உள்ளே கலந்திருப்பதாக அதற்குப் பொருள் கொள்கிறார்கள். மின்புலம் செலுத்திய மாதிரியை அரைக்கும்போது ஏற்படும் அழுத்தத்தில் இந்தத் தகடுகளின் அளவு மாறிவிடுமோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. ஒரே மாதிரியை அரைத்தும் அயனியால் மெலிதாக்கியும் ஒப்பிட்டவர்கள் யாராவது இருந்தால், பாதிக் குறியீட்டுப் புள்ளிகளின் செறிவில் என்ன வேறுபாடு கண்டீர்கள் என்று எழுதுங்கள்.