சிம்ப்சன் பாலைவனமும் பத்தாம் சேனலும்

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்துக்கு வண்டி தயார் செய்கிறவர்கள் கூரைக் கூடாரம், லைட் பார், வின்ச் என்று விசாரிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ரேடியோவைக் கவனியுங்கள் என்று சொல்வேன். ஃபிரெஞ்ச் லைனில் எங்களுக்கு நடந்ததுதான் காரணம்.

1960களில் எண்ணெய் தேடிய ஒரு பிரெஞ்சு நிறுவனம் போட்ட பாதை அது. மணல்மேடுகள் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன, பாதையோ கிழக்கு மேற்காகப் போகிறது. அதனால் ஒவ்வொரு மேட்டையும் ஏறி இறங்கியே ஆக வேண்டும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கியிருந்தோம். ஏறும்போது பாதியில் வேகம் குறைந்தால் மணல் பிடித்துக்கொள்ளும். உச்சியை நெருங்கும்போது கண்ணாடி வழியே வானம்தான் தெரியும். எதிரே ஒரு வண்டி அதே வேகத்தில் ஏறி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்று ஒரு மேட்டின் அடியில் நின்று, வண்டிக்கு வண்டி பேசும் யுஎச்எஃப் ரேடியோவின் பத்தாம் சேனலில், "கிழக்கு நோக்கி இரண்டு வண்டி, மேடு ஏறப் போகிறோம்" என்று சொன்னேன். உடனே ஒரு பெண் குரல்: "நில்லுங்கள், நாங்கள் மறுபக்கம் ஏறிக்கொண்டிருக்கிறோம். மூன்று வண்டி. கடைசி வண்டியில் கையடக்க ரேடியோதான், அவருக்கு நீங்கள் பேசுவது கேட்காது."

ஓரமாக ஒதுங்கி நின்றோம். இரண்டு வண்டிகள் இறங்கின. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. என் நண்பர் கிளம்பலாமா என்று கேட்டார். எண்ணிக்கை சொல்லியிருக்கிறார்களே, நிற்போம் என்றேன். கொஞ்ச நேரத்தில் உச்சியில் முதலில் ஆரஞ்சுக் கொடி தெரிந்தது, அதன் பின்னால் வண்டி. வண்டியில் கம்பம் நட்டுக் கட்டும் கொடி தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி எதற்கு என்று அங்கே கண்ணால் பார்த்தோம்.

அந்தப் பெண்மணி இறங்கி வந்து பேசினார். எத்தனை வண்டி, எந்தத் திசை, கடைசி வண்டி கடந்துவிட்டதா: இந்த மூன்றும் எப்போதும் சொல்ல வேண்டும் என்றார். எவ்வளவு சரியான பேச்சு!

கையடக்க ரேடியோவும் 5 வாட் இருக்கலாம். ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்து பேசினால் தகரக் கூடு சிக்னலை விழுங்கிவிடும். முன்பக்க பம்பரில் ஆன்டெனா வைத்துப் பொருத்திய ரேடியோதான் வேண்டும். அதற்கும் இடையில் மேடு வந்துவிட்டால் எட்டும் தூரம் குறையும். ஆகவே உச்சியில் இருக்கும்போதே இன்னொரு தடவை கூப்பிட்டுச் சொல்லுங்கள். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

5ஆம் சேனல் அவசரத்துக்கு மட்டும், அதில் அரட்டை கூடாது. பாலைவனத்தின் மேற்கு ஓரத்து மவுண்ட் டேரிலிருந்து கிழக்கு ஓரத்து பேர்ட்ஸ்வில் வரை பெட்ரோலும் கிடையாது, மொபைல் சிக்னலையும் நம்ப முடியாது. அந்த நீளத்துக்கு யுஎச்எஃப் போதாது, சாட்டிலைட் போனோ, வெகுதூரம் எட்டும் எச்எஃப் ரேடியோவோ கட்டாயம் எடுத்துப் போங்கள். தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலுக்காக மூடிவிடுவார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டு தேதி வையுங்கள்.