பாப்பாவ முதுகுல தூக்கினு மலை ஏற வெயிட் கம்மியான கேரியர் எது? (ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலை மாதிரி ஏத்தத்துக்கு)

காவேரிப்பட்டணம்_அப்பா

வணக்கம் மக்களே, ஒரு உதவி வேணும். பொண்ணுக்கு 14 மாசம் ஆவுது, வெயிட்டு பத்து கிலோவுக்கு கொஞ்சம் கம்மி. ஞாயித்துக்கிழமை ஆனா நானும் வீட்டுக்காரியும் எங்கனா ஒரு மலைய பாத்து கெளம்பிடுவோம், பாப்பா பொறந்ததும் அது நின்னு போச்சி, இப்ப மறுபடி ஆரம்பிக்கலாம்னு கிருஷ்ணகிரி மலைக்கு தூக்கினு போனோம். எங்ககிட்ட இருக்கிறது சொந்தக்காரங்க வாங்கி குடுத்த நெஞ்சுல மாட்டுற கேரியர், இடுப்பு பெல்ட்டு கெடயாது, தோளுக்கு ரெண்டு பட்டை மட்டும் தான். பாதி படி ஏறுறதுக்குள்ள கழுத்து, தோள்பட்டை எல்லாம் விண்ணு விண்ணுனு தெறிக்குது, பாப்பாவ எறக்கி பாத்தா தொடை இடுக்குல செவப்பா தடம் விழுந்து இருக்கு, அது ஒரே அழுகை, அப்படியே திரும்பிட்டோம்.

முதுகுல மாட்டுற மாதிரி வெயிட்டு கம்மியா எது நல்லா இருக்கும்? பட்ஜெட்டு எட்டாயிரம். நான் 5 அடி 9, வீட்டுக்காரி 5 அடி 1, ரெண்டு பேருமே மாத்தி மாத்தி தூக்கணும். எங்ககிட்ட பைக் தான், அதையும் மனசுல வெச்சினு சொல்லுங்க.

கோட்டை_பைத்தியம்

தம்பி, 1791ல மேக்ஸ்வெல்னு ஒரு வெள்ளைக்கார கர்னல் படையோட வந்து கிருஷ்ணகிரி கீழ்க்கோட்டைய புடிச்சிட்டு மேல் கோட்டைக்கு ஏற முடியாம திரும்பி போனான். நீ பாப்பாவ நெஞ்சுல கட்டினு பாதி ஏறுனியே, அதுவே பெருசு 😄

வெளையாட்டு இருக்கட்டும். அந்த மலையில நெஞ்சுல மாட்டினு ஏறவே கூடாது, அடுத்த படி கண்ணுக்கு தெரியாது. முதுகுல தான். கேரியர் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

வத்தல்மலை_காபி

ணா கேரியரோட வெயிட்ட மட்டும் பாத்து வாங்காதீங்க. நம்மள கொல்றது கிலோ இல்ல, அந்த கிலோ எங்க ஒக்காருதுங்கிறது தான். இடுப்பு பெல்ட்டு இல்லாத அரை கிலோ கேரியர விட நல்ல பெல்ட்டு இருக்கிற மூணு கிலோ பிரேம் கேரியர் லேசா தெரியும். என்கிட்ட டியூட்டர் கிட் கம்ஃபர்ட் இருக்கு, வெளிநாட்டுல இருந்து மச்சான் எடுத்துனு வந்தாரு, மூணு கிலோவுக்கு மேல வரும். அலுமினியம் பிரேம், பாப்பா ஒக்கார சீட்டு, கால் வெக்க வளையம், மேல வெயிலுக்கு கூரை, அடியில சாமான் வெக்க பை, கீழ வெக்கும்போது நிக்கிறதுக்கு ஒரு கால். முதுகுக்கும் பாப்பாவுக்கும் நடுவுல காத்து போவும், நம்ம ஊர் வெயிலுக்கு அது ரொம்ப முக்கியம். வத்தல்மலை, ஏற்காடு எல்லாம் அதுல தான்.

ஓசூர்_ஷிப்ட்_அம்மா

அண்ணா சொல்றது சரி தான் ஆனா அவரோட பட்ஜெட்டு எட்டாயிரம், அந்த மாதிரி வெளிநாட்டு பிரேம் கேரியர் புதுசா வாங்கினா இருபதாயிரத்துக்கு மேல போவும். அதோட அத பைக்ல எப்படி எடுத்துனு போவாங்க? டவுன் பஸ்ல ஏத்துனாலே கண்டக்டர் மொறைப்பாரு, ஒரு ஆள் எடத்த புடிச்சிக்கும்.

தம்பி, நீங்க துணி கேரியர் பாருங்க, பெல்ட்டு பக்கிள் வெச்சது, முதுகுலயும் மாட்டலாம். 700 கிராம்ல இருந்து ஒரு கிலோ தான் இருக்கும், சுருட்டி பைக்குள்ள போட்டுக்கலாம். எர்கோபேபி, டூலா வெளிநாட்டுது, சோல் ஸ்லிங்ஸ், அன்மோல் எல்லாம் நம்ம நாட்டுலயே செய்யறாங்க, உங்க பட்ஜெட்டுக்குள்ள வரும். கணக்கு போட்டு பாருங்க. பாப்பா 10, பிரேம் 3 சொச்சம், தண்ணி ரெண்டு லிட்டர்னா 2, டயப்பர் துணி தீனி ஒன்னு, ஆக மொத்தம் 16க்கு மேல ஒரே ஆள் முதுகுல. துணி கேரியர்னா பாப்பாவும் அதுவும் சேர்ந்து 11 கூட வராது, தண்ணி சாமான இன்னொருத்தர் தனி பையில தூக்கிக்கலாம். உங்க வீட்டுக்காரி எத்தன கிலோ இருப்பாங்கன்னு தெரியாது, ஆனா பொதுவா நம்ம ஒடம்பு வெயிட்டுல கால் பங்குக்கு மேல தூக்கினு மலை ஏறக்கூடாதும்பாங்க. 50 கிலோ ஆளுக்கு 16 கிலோ ரொம்ப ஜாஸ்தி.

வத்தல்மலை_காபி

அக்கா, துணி கேரியர்ல மே மாசம் போனா நம்ம முதுகும் பாப்பா வயிறும் ஒட்டி ரெண்டு பேரும் நனைஞ்சிடுவோம், அத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

ஓசூர்_ஷிப்ட்_அம்மா

மே மாசம் யாருங்க கைக்குழந்தைய தூக்கினு பாறை மலை ஏறுவாங்க 😐 வெடிய கால ஆறு மணிக்கு ஏறி ஒம்போது மணிக்குள்ள எறங்கிடணும், அதுவும் மழை நின்னு பனி விழுற மாசத்துல. நடுவுல வலைத்துணி வெச்ச மாடல் இருக்கு, அத வாங்குனா வேர்வ கம்மி.

எலும்பு_நரம்பு_அக்கா

நான் பிசியோதெரபி பாக்கறேன், தருமபுரி. மொதல்ல அந்த செவப்பு தடத்த பத்தி பேசுவோம், அது தான் அவசரம். உங்க கேரியர் கால் இடுக்குல குறுகலா இருக்கு, பாப்பாவோட மொத்த வெயிட்டும் அந்த நாலு வெரல் அகல துணி மேல நிக்குது, கால் ரெண்டும் நேரா தொங்குது. பாப்பா ஒக்காரணும், தொங்கக்கூடாது. சீட்டு ஒரு முட்டியில இருந்து இன்னொரு முட்டி வரைக்கும் தொடைய தாங்கணும், முட்டி பின்பக்கத்த விட கொஞ்சம் மேல இருக்கணும். முன்னாடி இருந்து பாத்தா கால் ரெண்டும் இங்கிலீஷ் எழுத்து எம் மாதிரி தெரியும். இடுப்பு மூட்டு வளர்ற வயசுல அது தான் நல்லது.

புதுசு வர்ற வரைக்கும் பழச வீட்டுல, கடைக்கு போக போட்டே ஆவணும்னா ஒரு துப்பட்டாவ பாப்பாவோட பின்பக்கத்துல முட்டிக்கு முட்டி வர்ற மாதிரி வெளியில சுத்தி உங்க இடுப்புல இறுக்கி கட்டுங்க, தொடைக்கு ஒரு தாங்கல் கெடைக்கும். மலைக்கு அது வேணாம்.

உங்க தோள் வலி சமாச்சாரம் சுலபம். இடுப்பு பெல்ட்டு இருந்தா பெரும்பாலான வெயிட்டு இடுப்பு எலும்பு மேல போய் ஒக்காரும், தோள் சும்மா சாயாம புடிச்சிக்கும். மாட்டுற வரிசை முக்கியம், மொதல்ல இடுப்பு பெல்ட்ட இடுப்பு எலும்போட மேல் விளிம்புல வெச்சி இறுக்கு, அப்புறம் தோள் பட்டை, அப்புறம் நெஞ்சு பக்கிள். எல்லாம் இறுக்குன பின்னாடி தோள் பட்டைய ரெண்டு நிமிஷம் லூசாக்கி பாருங்க, பாரம் இடுப்புலயே நின்னா அளவு சரி, சரிஞ்சி கீழ போனா பெல்ட்டு சரியில்ல. பாப்பாவ வெச்சி சோதிக்க வேணாம், 10 கிலோ அரிசி பைய வெச்சி வீட்டு மாடிப்படி ஏறி எறங்குங்க.

5 அடி 1ம் 5 அடி 9ம் ஒரே கேரியர போடணும்னா பிரேம் வகையில முதுகு நீளம் மாத்துற வசதி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஒருத்தருக்கு பொருந்தும் இன்னொருத்தருக்கு பெல்ட்டு வயித்துல ஒக்காரும். துணி வகையில இந்த தொல்லை கம்மி, பட்டைய இழுத்தா போதும்.

காவேரிப்பட்டணம்_அப்பா

ரொம்ப நன்றிங்கக்கா, இவ்ளோ வெவரமா யாரும் சொல்லல. இன்னும் ரெண்டு சந்தேகம். ஒன்னு, பெங்களூர்ல ஒருத்தரு ஆஸ்ப்ரே கம்பெனியோட போகோங்கிற பிரேம் கேரியர் பழசு ஒன்னு ஏழாயிரத்துக்கு தரேன்றாரு, எடுக்கலாமா? ரெண்டு, துணி கேரியர் வாங்கினா ராயக்கோட்டைக்கு பைக்ல போறப்பவே அதுல போட்டு கட்டிக்கலாமா, தனியா வேற எதுவும் வாங்க வேணாமேன்னு பாக்கறேன்.

ஓசூர்_ஷிப்ட்_அம்மா

ரெண்டாவதுக்கு மொதல்ல சொல்லிடறேன், வேணாம். பைக்குக்கு தனியா பாதுகாப்பு பெல்ட்டு இருக்கு, பாப்பாவ ஓட்டுறவரோட சேத்து கட்டுறது. 2022ல மத்திய அரசு விதி போட்டாங்க, நாலு வயசுக்கு கீழ இருக்கிற குழந்தைக்கு அந்த பெல்ட்டு போடணும், ஒம்போது மாசத்துக்கு மேலன்னா ஹெல்மெட்டும், வண்டி 40 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போகக்கூடாது. நடக்கிறதுக்கு செஞ்ச கேரியர் அந்த பெல்ட்டு ஆகாது. முடிஞ்சா பஸ்ல போங்க, கேரியர மடிச்சி பையில வெச்சிக்குங்க, மலை அடிவாரத்துல மாட்டிக்குங்க.

வத்தல்மலை_காபி

போகோ நல்ல சரக்கு தான், ஆனா எந்த வருஷம் செஞ்சதுன்னு கேளுங்க. 2012 ஜனவரில இருந்து 2014 டிசம்பர் வரைக்கும் செஞ்ச போகோ, போகோ பிளஸ், போகோ பிரீமியம் மூணையும் 2016ல அமெரிக்காவுல திரும்ப அழைச்சாங்க, கால் விடுற ஓட்டை வழியா சின்ன குழந்தை நழுவி விழுற ஆபத்துன்னு. கம்பெனி சீட்டுல வெக்க ஒரு மெத்தைய இலவசமா குடுத்தாங்க. அவருகிட்ட அந்த மெத்தை இருந்தா பேசலாம், இல்லன்னா விட்டுடுங்க. பொதுவா பழசு வாங்கினா பக்கிள் எல்லாத்தையும் போட்டு கழட்டி பாருங்க, பட்டை தையல் பிரிஞ்சிருக்கா, பிரேம் வளைஞ்சிருக்கா, நிக்கிற கால் டக்குனு பூட்டிக்குதா. லேபிள்ல ஏஎஸ்டிஎம் எஃப் 2549னோ ஈஎன் 13209னோ போட்டிருந்தா குழந்தை கேரியருக்கான தர சோதனைய வெச்சி செஞ்சதுன்னு அர்த்தம்.

இன்னொன்னு, போகோவோட உச்ச வெயிட்டு 22 கிலோன்னு போட்டிருப்பான், அது பாப்பாவுக்கு மட்டும் இல்ல, பாப்பா, சாமான், கேரியர் எல்லாம் சேர்த்து. நெறய பேரு அத தப்பா படிக்கறாங்க.

கோட்டை_பைத்தியம்

ராயக்கோட்டை பத்தி நான் சொல்றேன், அது என் ஏரியா. கீழ படி நல்லா இருக்கும், மேல போகப்போக பாறை. பிரேம் கேரியர்ல பாப்பா தலை உன் தலைக்கு மேல இருக்கும், உனக்கு இடிக்காத முள்ளு மரக்கிளை பாப்பா மூஞ்சில அடிக்கும், கோட்டை வாசல்ல குனியும்போதும் அப்படி தான். செருப்பு லேசு கட்ட இடுப்ப வளைச்சி குனியாத, பாப்பா தலைகீழா வந்துடும், முட்டி மடக்கி ஒக்காரு. நிக்கிற கால் இருக்குன்னு பாறை மேல பாப்பாவோட கேரியர வெச்சிட்டு போட்டோ எடுக்க போகாத, ஒரு கையி அது மேலயே இருக்கணும். எறங்கும்போது தான் ஆபத்து ஜாஸ்தி, பாரம் பின்னாடி இழுக்கும், ஒரு கோலு வெச்சிக்க.

தீர்த்தமலைக்கு போனா கொரங்கு. கேரியர் பாக்கெட்டுல பிஸ்கட்டு பாக்கெட்டு தொங்க விட்டா அது பாப்பா மேலயே ஏறும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டு பக்கம் பாப்பாவோட நடக்கறேன்னு கெளம்பிடாத, ராகி அறுப்பு நேரத்துல யானை கூட்டம் கூட்டமா வரும், வனத்துறை அனுமதி இல்லாம பெரியவங்களே போகக்கூடாது.

எலும்பு_நரம்பு_அக்கா

முக்கா மணி நேரத்துக்கு ஒரு தடவ கேரியர்ல இருந்து எறக்கி கால நீட்டி வெளையாட விடுங்க. தூங்கிட்டா தாடை நெஞ்சுல ஒட்டாம பாத்துக்கணும், மூச்சு அடைக்கும், அது முதுகுல இருந்தா உங்களுக்கு தெரியாது, கூட வர்றவங்க பின்னாடி நடந்து பாத்துனே வரணும். சூடா இருக்கான்னு பாக்க கை கால தொடாதீங்க, பிடரில கை வெச்சி பாருங்க.

காவேரிப்பட்டணம்_அப்பா

அப்டேட் போடறேன். பெங்களூர்காரரு வருஷம் தெரியலன்னுட்டாரு, விட்டுட்டேன். வலைத்துணி வெச்ச துணி கேரியர் நாலாயிரத்து சொச்சத்துக்கு வந்துச்சி. அரிசி பைய வெச்சி மாடிப்படி ஏறுனேன், எனக்கு சூப்பர், தோள்ல ஒன்னுமே தெரியல. ஆனா வீட்டுக்காரி போட்டா கொஞ்ச நேரத்துல இடுப்பு பெல்ட்டு மேல ஏறி வயித்த அழுத்துது, பாரம் திரும்ப தோளுக்கு வந்துடுது. சைஸ் சரியில்லையா?

எலும்பு_நரம்பு_அக்கா

சைஸ் இல்லம்மா, அவங்க பெல்ட்ட கட்டுன எடம். இடுப்பு எலும்புக்கு மேல, தொப்புளுக்கு நேரா கட்டியிருப்பாங்க. ரெண்டு வெரல் கீழ எறக்கி கட்ட சொல்லுங்க. சேலைக்கு மேலயோ வழவழன்னு இருக்கிற சுடிதாருக்கு மேலயோ கட்டுனா வழுக்கும், காட்டன் டாப்பு போட்டு பாக்க சொல்லுங்க. பாப்பாவ முதுகுல ஒசத்தி வெக்கணும், அவங்க தோளுக்கு மேல பாப்பா எட்டி பாக்கற அளவுக்கு, தொங்குனா பின்னாடி இழுத்து பெல்ட்டு ஏறும். ஏத்தும்போது கட்டில் ஓரத்துல பாப்பாவ ஒக்கார வெச்சி நீங்க பின்னாடி நின்னு புடிச்சிக்குங்க, தனியா முதுகுக்கு மாத்துறது பழகுற வரைக்கும் வேணாம்.

காவேரிப்பட்டணம்_அப்பா

பெல்ட்ட எறக்கி காட்டன் டாப்போட போட்டாங்க, நிக்குது. அடுத்த வாரம் பஸ்ல ராயக்கோட்டை, பாதி வரைக்கும் தான். பாப்பா மூஞ்சிய பாத்து அப்புறம் மேல.

மாங்கா_தோப்பு

இடையில நுழையறேன், மன்னிச்சிக்குங்க. எங்க பையனுக்கு மூன்றரை வயசு, 15 கிலோ. அவனுக்கும் இதே துணி கேரியர் ஆவுமா?

வத்தல்மலை_காபி

அதே சைஸ் ஆகாது ணா, சீட்டு தொடைய தாங்காது. பெரிய குழந்தைக்குன்னு தனி சைஸ் வருது, அத கேளுங்க. ஆனா அந்த வயசுல நடக்க விடுங்க, முடியலன்னா மட்டும் தூக்குங்க. பிக்கிபேக் ரைடர்னு ஒன்னு இருக்கு, பையன் உங்க முதுகுக்கு பின்னாடி ஒரு கம்பி மேல நிப்பான், ரெண்டரை வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு, வெயிட்டும் கம்மி. ஆனா அவன் தூங்கிட்டா அது ஒதவாது.

மாங்கா_தோப்பு

தூங்குவான். போன வேகத்துல தூங்குவான். பெரிய சைஸ் துணி கேரியரே பாக்கறேன்.